ஃபெரிக்குத் தமிழில் என்ன போடுவது: படகா, ஓடமா, பாதையா?

போன மாதம் ஒரு பயணச் செயலிக்குத் தமிழ் போட்டுக்கொடுக்கும் வேலை வந்தது. இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் நான் நிரப்ப வேண்டிய காலிக் கட்டம். பஸ், ரயில், மெட்ரோ, டிராம் வரைக்கும் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். அடுத்த வரி ஃபெரி. அங்கே நின்ற கை இரண்டு நாள் நகரவில்லை.

'படகு' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம்தான், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் செயலியைத் திறக்கப்போகிறவர் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போக வரிசையில் நிற்பவராக இருக்கலாம், இலங்கையில் காரைநகரிலிருந்து ஊர்காவற்துறைக்குச் சைக்கிளோடு போகிறவராக இருக்கலாம், பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகிற மலேசியத் தமிழராகவும் இருக்கலாம். மூன்று பேருக்கும் ஒரே கட்டம். அதனால் கைவசம் இருக்கிற சொற்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். இதே இடத்தில் மாட்டிக்கொள்ளப்போகிற அடுத்த ஆளுக்கு உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல் என்னதான் சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. ஃபெரி என்பது ஒரு வகைப் படகின் பெயர் இல்லை. இரண்டு கரைகளுக்கு இடையே வழக்கமாகப் போய் வந்து ஆளையும் பொருளையும் கூலிக்கு ஏற்றி இறக்குகிற எதுவும் ஃபெரிதான். நூற்றுக்கணக்கான கார்களை வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு போகிற ஏழு மாடிக் கப்பலும் ஃபெரி, ஒரே ஆள் துடுப்பு போடுகிற பத்தடிப் படகும் ஃபெரி. செய்கிற வேலையை வைத்து வந்த பெயர் அது. நம்முடைய சொற்களோ பெரும்பாலும் உருவத்தை வைத்து வந்தவை. பரிசல் என்றால் வட்டமாக இருக்க வேண்டும், கட்டுமரம் என்றால் மரங்களைக் கட்டியிருக்க வேண்டும், கப்பல் என்றால் பெரிதாக இருக்க வேண்டும். சிக்கல் தொடங்குவதே இங்கேதான்.

சொல்லின் பிறப்பும் இதையேதான் சொல்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஃபெரியன்' என்று ஒரு வினை இருந்தது: சுமந்து போ, கொண்டுபோய்ச் சேர் என்று பொருள். தண்ணீர் அதற்குக் கட்டாயம் இல்லை, தரையில் தூக்கிப் போனாலும் ஃபெரியன்தான். அதற்கு அடியில் இருக்கிற வினை 'ஃபாரன்', அதாவது போ. ஒன்று போ, இன்னொன்று போகச் செய். தமிழ் இலக்கண வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: தன்வினை, பிறவினை. செல், செலுத்து. கட, கடத்து. (இந்தக் 'கடத்து' பின்னால் வந்து காலை வாரப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இந்த ஃபாரனின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நிறையப் பேர். பயணக் கட்டணத்தைச் சொல்கிற 'ஃபேர்' அதன் நேர்வாரிசு. முதலில் பயணத்தையே குறித்தது, பிறகு பயணத்துக்குக் கொடுக்கிற காசைக் குறிக்க ஆரம்பித்தது. 'ஃபேர்வெல்' என்றால் நல்லபடியாகப் போய் வா என்பதுதான். ஆற்றில் இறங்கி நடந்தே கடக்கக்கூடிய ஆழமில்லாத இடத்துக்கு 'ஃபோர்டு' என்று பெயர், ஆக்ஸ்போர்டின் வாலில் இருப்பது அதுதான். அதுவும் இதே குடும்பம். இன்னும் பின்னால் போனால் லத்தீனில் துறைமுகத்தைக் குறிக்கிற சொல், சமஸ்கிருதத்தில் மறுகரையைக் குறிக்கிற 'பார' எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நம் பழைய புலவர்கள் கடலுக்குப் 'பாராவாரம்' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்களே, அந்தக் கரையும் இந்தக் கரையும் சேர்ந்தது என்ற பொருளில், அது வடமொழியிலிருந்து நமக்கு வந்த சொல். ஆக ஃபெரிக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று தமிழ் அகராதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, யாரும் சீந்துவதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு தவறான சொந்தத்தையும் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'ஃபெர்ரே' என்றால் சுமந்து செல்வது. ஒலியும் பொருளும் இவ்வளவு ஒட்டிவருவதால் ஃபெரி அங்கிருந்துதான் வந்தது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இல்லை. ஃபெர்ரேயின் வேர் வேறு, ஆங்கிலத்தில் அதன் உடன்பிறப்பு சுமப்பதையும் பிள்ளை பெறுவதையும் குறிக்கிற 'பேர்' என்ற வினை. அடுத்த தெருவில் இருக்கிற முகச்சாயல் மட்டும்தான் ஒற்றுமை.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வினை பழையது, ஆனால் ஃபெரி என்ற பெயர்ச்சொல் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் புழக்கத்துக்கு வருகிறது. வந்தபோதும் அது படகைக் குறிக்கவில்லை. கடக்கிற வழியையும் கடக்கிற இடத்தையும்தான் குறித்தது. படகுக்கே அந்தப் பெயர் ஒட்டியது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஸ்காட்லாந்தில் குயின்ஸ்ஃபெரி என்று ஓர் ஊர் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்கரெட் ராணி, யாத்திரீகர்கள் ஃபோர்த் கழிமுகத்தைக் கடப்பதற்கு வழி செய்துகொடுத்ததால் வந்த பெயர். 1964இல் அங்கே சாலைப் பாலம் திறந்ததும் படகு நின்றுபோனது, ஊர்ப்பெயர் நிற்கவில்லை. தமிழில் சொன்னால் ராணித்துறை.

சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆங்கிலேயர் 1878இல் வட இந்தியாவுக்கு ஒரு ஃபெரிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி படகுகளை வரிசையாகக் கட்டிப் போட்ட பாலமும் ஃபெரி, தற்காலிகப் பாலமும் ஃபெரி, கரைக்கு வந்து சேரும் பாதையும் இறங்குகிற இடமும்கூட ஃபெரி. இங்கிலாந்தின் பழைய சட்ட வழக்கில் ஃபெரி என்பது ஓர் உரிமை: இந்த இடத்தில் ஆட்களைக் கடத்திக் காசு வாங்க இவருக்கு மட்டும்தான் அனுமதி, பதிலுக்கு அவர் எப்போதும் படகு தயாராக வைத்திருக்க வேண்டும். படகு வாங்குவது ஃபெரி வாங்குவது ஆகாது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம் தெரிந்த விஷயம். பரிசல் துறையை ஏலம் விடுகிறார்களே, அங்கே ஏலம் போவது பரிசலா? இல்லையே.

சரி, இப்போது வேட்பாளர்கள்.

'ஃபெரி' என்றே போட்டுவிடலாம் என்பது முதல் யோசனை, எங்கள் குழுவில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். மலேசியாவில் மலாய் மொழியிலேயே 'ஃபெரி'தான், அங்குள்ள தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். 2020 முடிவோடு பழைய இரட்டை அடுக்கு ஃபெரிகள் ஓய்வு பெற்றபோது பினாங்கில் அழாத குறை. அவர்களிடம் போய் ஓடம், தோணி என்று பேசினால் என்ன சொல்கிறாய் என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை யார் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கன்னியாகுமரி வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் கேட்பது 'போட்'. 'போட்டுக்கு டிக்கெட் எங்க குடுக்கறாங்க?' கடன் வாங்குவதென்றால் நம் மக்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள், வேறு கடையில். அப்புறம் எழுத்துச் சிக்கல் வேறு. ஃபெரி, ஃபெர்ரி, பெரி, பெர்ரி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். கடைசி இரண்டில் மாட்டினால் ஸ்ட்ராபெர்ரிக்குத் தம்பி ஆகிவிடும். 'அடுத்த பெர்ரி 4.15க்கு' என்று ஒரு திரையில் பார்த்தால் நான் கிண்ணத்தோடு காத்திருப்பேன்.

'படகு' பாதுகாப்பான சொல். எல்லா ஊரிலும் புரியும், எழுத்துப்பிழை வராது, சின்னக் கட்டத்துக்குள் அடங்கும். கன்னியாகுமரியில் எழுத்தில் இருப்பதும் இதுதான். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் என்று பெயரில் கப்பலை வைத்துக்கொண்டு அங்கே ஓட்டுவது படகுகளை. அதில் ஒரு படகின் பெயர் குகன், யார் வைத்தார்களோ அவருக்கு ஒரு கும்பிடு. ராமனைக் கங்கை கடத்திவிட்டவனைவிட இந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் யார்? குறை என்னவென்றால், படகு ரொம்பவே பொதுவான சொல். ராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ படகு என்றால் மீன்பிடிப் படகுதான் முதலில் நினைவுக்கு வரும், விசைப்படகு என்றால் சந்தேகமே இல்லை. ஊட்டி ஏரியில் காலால் மிதிப்பதும் படகு. குறித்த நேரத்துக்குக் கிளம்பி, கூலி வாங்கிக்கொண்டு, அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது என்கிற செய்தி அந்தச் சொல்லில் இல்லை. 'படகுப் போக்குவரத்து' என்று வால் சேர்த்தால் சரியாகிவிடும், ஆனால் எனக்குக் கொடுத்த கட்டத்தில் பத்து எழுத்துக்கு மேல் போனால் சிவப்பு விளக்கு எரிகிறது.

'கப்பல்' இந்தப் போட்டியில் இருக்கவே கூடாது என்றுதான் நினைத்தேன். பிறகு நாகப்பட்டினம் ஞாபகம் வந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு செரியபாணி என்ற கலம் கிளம்பியது, அது நின்றுபோய் 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற இன்னொன்று கிளம்பியது. ஆங்கிலப் பத்திரிகைகள் ஒன்றுவிடாமல் ஃபெரி என்றன. தமிழ்ச் செய்திகளில் பயணிகள் கப்பல். 150 பேர் உட்காரக்கூடிய செரியபாணியை மாலுமிகள் கப்பல் என்று ஒத்துக்கொள்வார்களா தெரியாது, ஆனால் கடலைத் தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போகிறதென்றால் நமக்கு அது கப்பல்தான், அளவுநாடா வேண்டாம். 1914இல் பாம்பன் பாலம் வந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி ரயில் என்று சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே பயணமாகப் போன காலத்திலும் இப்படித்தான். அந்த ரயிலின் செல்லப்பெயர் மட்டும் போட் மெயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. ஆக நாகை வரிக்குக் கப்பல் என்று குறித்துக்கொண்டேன், பொதுச்சொல்லாக அது ஆகாது. பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்குக் காவிரியைக் கடக்கிறவரிடம் 'உங்கள் கப்பல் வந்துவிட்டது' என்று செயலி சொன்னால் அவர் அதை அழித்துவிடுவார்.

'தோணி' அழகான சொல், ஆங்கிலத்துக்கே 'டோனி' என்று கடன் கொடுத்த சொல். ஆனால் தூத்துக்குடியில் தோணி என்றால் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போகிற பெரிய மரக்கலம், அதில் நாம் டிக்கெட் எடுத்து ஏற முடியாது. இலங்கையில் வேறொரு வலி இருக்கிறது. மலையகத் தமிழர்களைக் 'கள்ளத்தோணி' என்று ஏசிய காலம் ஒன்று உண்டு, அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு பயணச் செயலியின் பொத்தானில் அதன் பாதியைக்கூட வைக்க எனக்கு மனமில்லை. தள்ளியாயிற்று.

'பரிசல்' விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஒகேனக்கல்லில் சுற்றுகிற பரிசல் ஃபெரியே இல்லை, கிளம்பின கரைக்கே கொண்டுவந்து விடுகிற சவாரி அது. மேட்டூர் அணைத் தண்ணீரைக் கடந்து சேலம் பக்கத்துப் பண்ணவாடியிலிருந்து தருமபுரிப் பக்கத்து நாகமரைக்குப் போகிறதே, அதுதான் அசல் ஃபெரி. அங்கே ஓடுவது மோட்டார் வைத்த படகு, இடத்தின் பெயர் மட்டும் இன்னமும் பரிசல் துறை. உருவத்துக்கு வந்த பெயர் உருவம் மாறின பிறகு வேலையின் பெயராக மாறிக்கொண்டிருக்கிறது, நம் கண் முன்னாலேயே. இன்னும் நூறு வருஷம் விட்டால் பரிசல் என்றாலே ஃபெரி என்று ஆகியிருக்குமோ என்னவோ. அதற்குள் பாலம் கட்டிவிடுவார்கள்.

இனி பழைய இலக்கியத்துக்குப் போனவர்கள் கதை. எங்கள் குழுவில் ஒரு நண்பர் 'அம்பி'தான் சரியான சொல் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, கொஞ்சநஞ்சம் இல்லை, நிறையவே இருக்கிறது. புறநானூற்றில் 'அறத்துறை அம்பி' என்று ஒரு சொற்றொடர் வருகிறது: காசு வாங்காமல், யார் வந்தாலும் ஏற்றிக் கடத்திவிடுகிற தருமத் துறையின் படகு. வள்ளல் ஒருவனை அதற்கு ஒப்பிடுகிறார் புலவர். இதைவிடத் துல்லியமான இலவச ஃபெரி எங்கே கிடைக்கும்? சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வைகைக் கரைக்கு வரும்போது அங்கே குதிரைமுக அம்பி, யானைமுக அம்பி, சிங்கமுக அம்பி என்று மூன்று வகை ஓடிக்கொண்டிருக்கின்றன. பெருந்துறை, நல்ல போக்குவரத்து. அவர்களோ அதில் ஏறாமல் ஒதுங்கி, ஒரு மரப்புணையில் மறுகரைக்குப் போகிறார்கள். கம்பரின் குகனோ ஆயிரம் அம்பிக்கு நாயகன், இன்றைய கணக்கில் ஒரு போக்குவரத்துக் கழகத்தின் தலைவர். எல்லாம் சரி. ஆனால் இன்று அம்பி என்றால் அக்கிரகாரத்துப் பையன். 'அடுத்த அம்பி பத்து நிமிடத்தில்' என்று எழுதினால் மாமி யாரோ அனுப்பிவைக்கிறாள் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். நண்பர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்தத் தேடலில் என்னை உண்மையிலேயே சிரிக்கவைத்தவை இரண்டு சொற்கள். ஒன்று, முன்னால் சொன்ன 'கடத்து'. ஃபெரியன் எப்படிப் பிறந்ததோ அதே மாதிரி பிறந்த தமிழ் வினை, எழுத்துக்கெழுத்துப் பொருந்துகிறது. பக்கத்தில் மலையாளத்தில் இன்றைக்கும் கடத்து என்றால் படகில் அக்கரை சேர்ப்பது, கடவு என்றால் படகு சேருமிடம். நாம் அந்தச் சொல்லைத் தங்கத்துக்கும் குழந்தைக்கும் கொடுத்துவிட்டோம். 'கடத்துப் படகு' என்று பொத்தான் வைத்தால் சுங்கத்துறையிலிருந்து ஆள் வரும். (கடவு மட்டும் 'கடவுச்சீட்டு' வழியாகத் தப்பித்து விமான நிலையத்தில் வேலை பார்க்கிறது.) இன்னொன்று 'சங்கடம்'. இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்டு ஆற்றைக் கடக்கிற மிதவைக்கு இப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது. மலையாளத்தில் சங்ஙாடம். போர்த்துக்கீசியர் அதை எடுத்துக்கொண்டு 'ஜங்காடா' ஆக்கினார்கள், இப்போது கேரளக் காயல்களில் காரையும் பைக்கையும் ஏற்றிப் போகிற தட்டைக் கலத்துக்கு ஜங்கார் என்று பெயர். தமிழில் 'சங்கடம்' என்று பொத்தான் வைக்கலாமா? மழைக்காலத்தில் பயணிகளுக்கு அது சரியான எச்சரிக்கையாகக்கூட இருக்கும், ஆனால் வேலை கொடுத்தவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

'ஓடம்' பக்கம் வருவோம், என் மனசு இருக்கிற இடம் இது. 'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்' என்று வாழ்க்கையின் ஏற்றத்தாழ்வுக்குப் பழமொழி சொல்கிறோமே, அதைத் தத்துவத்தை உரித்துவிட்டுப் படியுங்கள். வண்டி ஓடத்தில் ஏறுகிறது. மாட்டை அவிழ்த்து, வண்டியைத் தள்ளி ஏற்றி, ஆற்றைக் கடந்து, மறுபடி மாட்டைப் பூட்டிக்கொண்டு போகிற வழக்கம் ஊரறிந்ததாக இருந்தால்தான் அது பழமொழியாகும். வாகனம் ஏற்றுகிற ஃபெரிக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். திருக்கொள்ளம்பூதூரில் வெள்ளம் வந்து ஓடக்காரர்கள் ஓடத்தைக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட, சம்பந்தர் அடியார்களை ஏற்றிக்கொண்டு பதிகம் பாட, ஓடம் தானாகக் கரை சேர்ந்தது என்று தலபுராணம் சொல்கிறது, இன்றும் அங்கே ஓடத் திருவிழா நடக்கிறது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதிசயம் இல்லை, ஓடக்காரர்கள் இருந்தார்கள் என்பதும் வெள்ளத்தில் சேவை ரத்தானது என்பதும்தான். அப்புறம் ஈரோட்டுப் பக்கமும் திருச்சியிலும் 'ஓடத்துறை' என்று இடங்கள் இருக்கின்றன. குயின்ஸ்ஃபெரி மாதிரியே, கடக்கிற இடமே பெயராக நின்றுவிட்டது. இடம், தொழில், வாகனம் ஏற்றும் பழக்கம் எல்லாமே இந்த ஒரு சொல்லில் சேர்ந்திருக்கின்றன. பிறகு ஏன் போடவில்லை? ஓடம் இன்று பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாழ்க்கை என்னும் ஓடம், ஓடமாகிய மனம், இப்படி. 'ஓடம் 15 நிமிடம் தாமதம்' என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், கவிதையின் முதல் வரி மாதிரி இருந்தது. பசியோடு கரையில் நிற்கிறவருக்கு அது எரிச்சலைத்தான் கொடுக்கும்.

கடைசியாக இலங்கை. இதைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை, சூரியன் எழுகிற கரையும் விழுகிற கரையும். இரண்டுக்கும் நடுவே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப் போகிற தட்டையான மிதவைக்கு அங்கே பெயர் 'பாதை'. குருக்கள்மடம் அம்பிளாந்துறைப் பாதை, குறுமன்வெளி மண்டூர்ப் பாதை. 2014இல் பாலம் வரும்வரை மண்முனையிலும் பாதைதான். வடக்கே காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் நடுவே ஓடுவதும் பாதைதான். 'பாதை வந்துட்டுதா?' 'பாதை அந்தக் கரையில நிக்குது.' தமிழ்நாட்டுக் காதுக்கு இது புதிர் மாதிரி இருக்கும், பாதை எப்படி ஐயா வரும், எப்படி நிற்கும்? ஆனால் யோசித்துப் பாருங்கள், கடக்கிற வழியைச் சொல்கிற சொல்லே கடத்துகிற கலத்தையும் சொல்கிறது. ஆங்கிலத்தில் ஃபெரி செய்துகொண்டதும் இதேதான். இத்தனைக்கும் அதே யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போவது படகு, பாதை இல்லை. குறுகிய நீரைக் கடக்கிற தட்டைத் தளம் என்றால் பாதை, கடலில் போகிற கலம் என்றால் படகு என்று அங்குள்ளவர்கள் குழப்பமில்லாமல் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பாதைக்கு இருக்கிற ஆபத்து எழுத்தில் தெரிகிறது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு அப்படி ஒன்று கவிழ்ந்தது. 'பாதை விபத்து' என்று மட்டும் எழுதினால் வெளியூர்க்காரர் சாலை விபத்து என்று தாண்டிப் போய்விடுவார், அதனால்தான் படகுப் பாதை, மிதப்புப் பாதை என்று முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வினையாக வரும்போது என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார், அதற்குச் சுருக்கமான பதில் போதும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு 'ஃபெரி' செய்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அங்கே தண்ணீரைத் தேடாதீர்கள், கொண்டுபோய் விடுகிறேன், அவ்வளவுதான். 1941இல் பிரிட்டிஷ் விமானப்படை ஃபெரிக்கு என்றே ஒரு தனிப் பிரிவு வைத்தது, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் செய்த விமானங்களை ஓட்டிக்கொண்டுவந்து இந்தப் பக்கம் சேர்ப்பதுதான் அதன் வேலை. படகே கிடையாது. பழைய ஃபெரியனின் பொருளுக்கு ஆங்கிலம் திரும்பிப் போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம்.

சரி, என்ன போட்டேன்? வேலை கொடுத்தவரிடம் முதலில் ஒன்றைக் கேட்டு வாங்கினேன்: ஒரே கட்டம் போதாது, நாட்டுக்கு ஒன்று வேண்டும். ஆங்கிலத்துக்கு ஒரே சொல்தானே என்று முனகினார்கள், பிறகு கொடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்குப் படகு, நாகை காங்கேசன்துறை வரிக்கு மட்டும் கப்பல். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஃபெரி, ஃபெ என்ற எழுத்தோடு, ஒற்றை ரகரத்தோடு, வேறு எப்படியும் எழுதக்கூடாது என்று குறிப்பு வைத்து. இலங்கையில் தீவுகளுக்குப் படகு, வாவிகளுக்கும் காரைநகருக்கும் படகுப் பாதை. ஏறி இறங்குகிற இடத்துக்குத் தமிழ்நாட்டில் படகுத்துறை, இலங்கையில் இறங்குதுறை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் சண்டை போடவில்லை, துறை எல்லோருக்கும் புரிகிறது, ஏற்கெனவே பாதி ஊர்ப்பெயர்களில் அது இருக்கிறது. உங்களுக்கு ஒரே ஒரு கட்டம்தான், பிரிக்கவே முடியாது என்றால் படகு போடுங்கள். ஆனால் நிறுத்தத்தின் பெயரிலாவது துறையைச் சேர்த்துவிடுங்கள், ஊட்டி ஏரிப் படகு இல்லை என்று அதுவே சொல்லிவிடும். கதையோ கட்டுரையோ மொழிபெயர்க்கிறீர்கள், ஆறு இருக்கிறது, ஓர் ஆள் துடுப்பு போடுகிறார் என்றால் தயங்காமல் ஓடம்.

ஒரு வாரம் கழித்துச் சரிபார்ப்பவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. காரைநகர் வரியில் படகுப் பாதை என்று இருக்கிறதே, அது போகிற வழியா, போகிற வண்டியா? இரண்டும்தான் என்று பதில் போட்டேன். டிராமுக்கு டிராம் என்றே போட்டிருந்ததைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.